பாரம் யார் மேல்? ஆங்கிலத்தின் எடைச் சொற்கள்



ஆங்கிலத்தில் எடையைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் நினைத்திருப்பீர்கள். நம் ஊர்ப் பேச்சுக்கு ‘ஹெவி’ என்ற ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. மழை ஹெவி, டிராஃபிக் ஹெவி, மதியச் சாப்பாடு ஹெவி, டாக்டர் எழுதிக் கொடுத்தது ஹெவி டோஸ், லாரி ஓட்டுநர் வைத்திருப்பது ஹெவி லைசென்ஸ். இவற்றில் தவறு எதுவும் இல்லை. ஆங்கிலேயரும் மழைக்கும் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. செல்வாக்கு உள்ளவரை நாம் ‘வெயிட்டான ஆள்’ என்போம். அதே நினைப்பில் ஆங்கிலத்தில் ஒருவரை ‘ஹெவி மேன்’ என்றால் அவர் பருமனானவர் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். ‘எ ஹெவி’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் இன்னும் மோசம்: அது ஆளை மிரட்டக் கூட்டி வரும் அடியாளைக் குறிக்கும்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-இல் தம் புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். பொருள் நெருக்கம் உள்ள சொற்களை எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்த நூல் அது. அதில் ‘கிராவிட்டி’ என்று ஒரு தலைப்பு, அதற்கு எதிரே ‘லெவிட்டி’ என்று இன்னொன்று. எழுதுகிறவனுக்குச் சொல் மறந்துபோனால் எடுத்துப் பார்க்க அருமையான புத்தகம். ஆனால் ஒரே பத்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலேயே இந்தச் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். என் கருத்து வேறு. ஆங்கிலத்தின் எடைச் சொற்களைப் பிரித்தறிய ‘எவ்வளவு கனம்?’ என்று கேட்டால் பயனில்லை. ‘அந்தக் கனத்தை யார் உணர்கிறார், உடம்பின் எந்த இடத்தில் உணர்கிறார்?’ என்று கேட்க வேண்டும். கையில் உணர்வதற்கு ஒரு சொல், முதுகில் உணர்வதற்கு ஒன்று, தராசுத் தட்டில் தெரிவதற்கு ஒன்று, சபையில் உணரப்படுவதற்கு ஒன்று. இதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கையிலிருந்து தொடங்குகிறேன். ‘ஹெவி’ என்ற சொல்லே கையிலிருந்து பிறந்தது. ‘ஹீவ்’ என்றால் மூச்சைப் பிடித்துத் தூக்குதல். பழைய ஆங்கிலத்தில் அந்த வினையும் ‘ஹெவி’யின் பழைய வடிவமும் உடன்பிறப்புகள். தூக்குவதற்குச் சிரமப்படுத்துவது எதுவோ அது ஹெவி. பொருளின் குணத்தைச் சொல்வது போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது தூக்குகிறவனின் முக்கல்தான். இதே வினைக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை ‘ஹெஃப்ட்’. ‘வீவ்’ என்ற நெசவுச் சொல்லிலிருந்து ஊடை இழையைக் குறிக்கும் ‘வெஃப்ட்’ வந்ததல்லவா, அந்த வழியில் வந்தது. ஆங்கிலத்தின் எடைச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு பொருளைக் கையில் எடுத்து, லேசாக மேலும் கீழும் ஆட்டி, ‘ம், கனமாகத்தான் இருக்கிறது’ என்று தலையசைக்கும்போது உணர்கிறோமே, அது ஹெஃப்ட். தேங்காய்க் கடையில் காயைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் செய்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ‘ஹெஃப்ட்’ என்ற வினையைத் தவிர வேறு நல்ல சொல் கிடையாது. இது தராசு காட்டும் எண் ஆகாது. ஒரே எடையுள்ள இரண்டு சுத்தியல்களில் ஒன்றுக்கு நல்ல ஹெஃப்ட் இருக்கும், மற்றதற்கு இருக்காது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மட்டைகளின் எடையை இன்றும் பவுண்டு, அவுன்ஸில்தான் சொல்கிறார்கள். சச்சின் டெண்டுல்கர் மூன்று பவுண்டைத் தாண்டிய கனமான மட்டையால் ஆடியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடையில் மட்டை வாங்கப் போகும் ஆட்டக்காரர் எடை எழுதிய சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. மட்டையைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய்ப் பார்க்கிறார். அந்த உணர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிக்-அப்’. மரத்தின் சதை மட்டையின் எந்தப் பகுதியில் திரண்டிருக்கிறது, பிடி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து, கனமான மட்டை கையில் இலகுவாகவும், எடை குறைந்தது கையை இழுப்பதாகவும் இருக்கலாம்.

பந்திலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. ஆண்கள் ஆடும் பந்தின் எடை ஐந்தரை அவுன்ஸுக்குக் குறையக் கூடாது, ஐந்தே முக்காலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கிராமில் சொன்னால் ஏறக்குறைய 156 முதல் 163 வரை. எல்லாப் பந்துவீச்சாளர் கைக்கும் வருவது அதே பந்துதான். ஆனாலும் ஆங்கில வர்ணனையாளர்கள் சிலரைப் பற்றி மட்டும் ‘இவர் ஹெவி பால் வீசுகிறார்’ என்பார்கள். ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபைப் பற்றி அடிக்கடி சொல்லப்பட்டது இது. பந்து பிட்ச் ஆனபின் எதிர்பார்த்ததைவிட வேகமாகவும் உயரமாகவும் வந்து மட்டையின் மேல்பகுதியில் மோதும். மட்டைக்காரரின் கை அதிரும். கனம் பந்தில் இல்லை, வாங்குகிறவர் கையில் இருக்கிறது. ‘ஹெவி’ என்ற சொல்லின் இயல்பை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் காட்டாது.

கையிலிருந்து முதுகுக்குப் போவோம். ‘லோட்’, ‘பர்டன்’ என்ற இரண்டுக்கும் நாம் சுமை என்றே எழுதுகிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

‘லோட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பாதை, பயணம் என்றுதான் பொருள். ‘லோட்ஸ்டார்’ என்றால் வழிகாட்டும் விண்மீன். வழிநடத்துவதைக் குறிக்கும் ‘லீட்’ இதற்கு உறவு. பாதையில் போவது என்ற பொருள் மெல்ல நகர்ந்து, பாதையில் கொண்டுபோகப்படும் சரக்கைக் குறிக்கத் தொடங்கியது. சரக்கேற்றுவதைக் குறிக்கும் ‘லேட்’ என்ற வேறொரு வினையும் இதற்குள் வந்து கலந்துகொண்டது. அந்த வினையின் மிச்சம்தான் ‘லேடன்’. நம் லாரிகளின் பக்கவாட்டில் ‘யு.எல்.டபிள்யூ.’, ‘ஆர்.எல்.டபிள்யூ.’ என்று எழுதி எண் போட்டிருப்பார்களே, அதில் நடுவில் உள்ள ‘எல்’ இந்த லேடன்தான்: சரக்கில்லாதபோது எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு வரை அனுமதி என்ற கணக்கு.

‘பர்டன்’ என்ற சொல்லின் தாய் ‘பேர்’, அதாவது தாங்குதல். சரக்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் லோட். தாங்குகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் பர்டன். லோடு ஏறும், இறங்கும், வண்டி திரும்பிப் போகும். பர்டனுக்கு இறக்கும் இடம் உறுதியில்லை. லாரியில் இருப்பது லோட், கழுதையை மட்டும் ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’ என்பார்கள், கழுதைக்கு வலிக்கும் என்பதால். பாலத்தைக் கட்டும் பொறியாளர் தன் கணக்கில் ‘டெட் லோட்’, ‘லைவ் லோட்’ என்று எழுதுவார். பாலம் அழாது. மின்வாரியத்தின் லோட் ஷெட்டிங்கும், துணி துவைக்கும் இயந்திரத்தின் ஃபிரண்ட் லோடிங்கும், நம் ஊர்க்காரர்கள் தாமாகவே உருவாக்கிக்கொண்ட ‘லோடுமேன்’ என்ற அழகான சொல்லும் இந்த வகை. வயதான ஆங்கிலேயர் ஒருவர் தம் பிள்ளைகளிடம் ‘நான் உங்களுக்கு பர்டனாக இருக்க விரும்பவில்லை’ என்பார். அந்த இடத்தில் ‘லோட்’ என்று சொல்ல எந்த ஆங்கிலேயருக்கும் வாய் வராது.

மருத்துவத் துறை இந்த வேறுபாட்டை மிக நேர்த்தியாகக் காப்பாற்றி வருகிறது. நோயாளியின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸின் எத்தனை படிகள் உள்ளன என்பதைக் கணக்கிட்டால் அது ‘வைரல் லோட்’. அதே நோயால் ஒரு நாட்டு மக்கள் எத்தனை ஆரோக்கியமான ஆண்டுகளை இழந்தார்கள் என்பதைக் கணக்கிட்டால் அது ‘பர்டன் ஆஃப் டிசீஸ்’. உலக வங்கி 1993-இல் வெளியிட்ட வளர்ச்சி அறிக்கையின் மூலம் இந்தக் கணக்கு முறை உலகெங்கும் பரவியது. இரண்டுமே எண்கள்தான். முதலாவதில் கிருமியை எண்ணுகிறார்கள், இரண்டாவதில் மனிதர் பட்ட பாட்டை.

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பது யாரைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டுகிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. அமெரிக்கா பிலிப்பைன்ஸைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த 1899-இல் ரட்யார்ட் கிப்ளிங் எழுதிய கவிதையின் தலைப்பு ‘வெள்ளைக்காரனின் பர்டன்’. ஆளப்படுகிறவர்களின் முதுகில் ஏறி உட்கார்ந்தவன், சுமப்பவன் நானே என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ‘லோட்’ என்று எழுதியிருந்தால் இந்த வித்தை பலித்திருக்காது.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு சொற்குடும்பம் இருக்கிறது. தாங்குதலைக் குறிக்கும் ‘பொறு’ என்ற வினையிலிருந்து பொறை, பொறுமை, பொறுப்பு மூன்றும் வந்தன. பொறை என்றால் சுமையும்தான், சகிப்பும்தான். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த ‘பர்டன் ஆஃப் ப்ரூஃப்’ என்ற தொடரைத் தமிழில் ‘நிரூபிக்கும் பொறுப்பு’ என்று எழுதுகிறவர்கள், அகராதியைப் பார்த்துச் ‘சுமை’ என்று எழுதுகிறவர்களைவிட மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறார்கள் என்பேன். அதே நீதிமன்றத்தில் ‘ஓனஸ்’ என்ற லத்தீன் சொல்லும் புழங்குகிறது. அதற்கும் சுமை என்றே பொருள். குற்றமற்றவர் என்று விடுவிப்பதைக் குறிக்கும் ‘எக்ஸானரேட்’ என்ற சொல்லில் அந்த ஓனஸ் ஒளிந்திருக்கிறது: முதுகிலிருந்து இறக்கிவைத்தல். ‘ஆனரஸ்’ என்ற பெயரடை சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் கடமைக்கும்தான் பொருந்தும். அரிசி மூட்டை ஹெவி, ஒப்பந்த நிபந்தனை ஆனரஸ். மாற்றிச் சொல்லக் கூடாது.

‘கம்பர்சம்’ என்ற சொல்லைப் பலர் கனமானது என்றே மொழிபெயர்க்கிறார்கள். கம்பர்சம் ஆவதற்குப் பொருள் கனமாக இருக்க வேண்டியதில்லை. மாடிப்படி திருப்பத்தில் மெத்தையை ஏற்றிப் பாருங்கள். எடை என்னவோ ஒருவர் தூக்கக் கூடியதுதான். பிடிக்க இடமில்லை, திருப்ப வழியில்லை. அதுதான் கம்பர்சம். பழைய பிரெஞ்சில் வழியை அடைக்கும் தடையைக் குறித்த சொல்லிலிருந்து இது வந்தது. சொத்து வாங்கிய எல்லோரும் இந்தச் சொல்லின் சகோதரியைச் சந்தித்திருப்பீர்கள்: பதிவு அலுவலகத்தில் வாங்கும் ஈ.சி., என்கம்பரன்ஸ் சர்டிஃபிகேட். அதற்கு வில்லங்கச் சான்று என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை, யாராக இருந்தாலும் கைகூப்ப வேண்டும். சுமைச் சான்று என்று எழுதாமல் தடை, சிக்கல் என்ற உட்பொருளைப் பிடித்திருக்கிறார்.

இனி தராசு. ஆங்கில எடைச் சொற்களில் பாதி சந்தையிலிருந்து வந்தவை. அவற்றின் மூதாதை லத்தீனில் உள்ள ‘பெண்டெரே’: தொங்கவிடுதல், நிறுத்தல், காசு கொடுத்தல் மூன்றும் அதற்குப் பொருள். உலோகத்தை நிறுத்துக் கொடுப்பதே பணம் கொடுப்பதாக இருந்த காலத்துச் சொல். எக்ஸ்பென்ஸ், ஸ்பெண்ட், பென்ஷன், ஸ்டைபெண்ட் எல்லாம் இந்தத் தராசுத் தட்டிலிருந்து விழுந்தவை. மருந்தை நிறுத்துக் கொடுத்ததால் டிஸ்பென்சரி. மனத்தில் நிறுத்துப் பார்ப்பதால் ‘பாண்டர்’, சிந்தனையில் ஆழ்ந்திருப்பதால் ‘பென்சிவ்’. நாமும் சீர்தூக்கிப் பார் என்கிறோம், எடைபோட்டுப் பேசு என்கிறோம். தராசைக் கண்ட மொழிகள் எல்லாம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

‘வெயிட்’ என்ற சொல் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இல்லை. அது சுத்தமான ஆங்கிலச் சொல். அதன் வினையான ‘வெய்’ என்பதற்குப் பழைய பொருள் நகர்த்துதல், தூக்கிச் செல்லுதல். வழியைக் குறிக்கும் ‘வே’யும், வண்டியைக் குறிக்கும் ‘வாகன்’ என்ற சொல்லும் அதற்குச் சொந்தம். கப்பல்காரர்கள் நங்கூரத்தைத் தூக்குவதை இன்றும் ‘வெய் ஆங்கர்’ என்பார்கள். யாரும் நங்கூரத்தைத் தராசில் வைப்பதில்லை, பழைய பொருள் கடலில் மட்டும் அழியாமல் இருக்கிறது.

பவுண்டின் கதை நம் வீட்டு நகைப்பெட்டி வரை வருகிறது. ரோமானியர் ‘லிப்ரா பாண்டோ’ என்றார்கள்: நிறையில் ஒரு லிப்ரா. ஆங்கிலேயர் இரண்டாவது சொல்லை எடுத்துப் ‘பவுண்டு’ ஆக்கினார்கள். எழுதும்போது மட்டும் முதல் சொல்லைச் சுருக்கி ‘எல்.பி.’ என்று போட்டார்கள். பவுண்டில் இல்லாத எல்லும் பியும் எங்கிருந்து வந்தன என்று குழம்பும் மாணவர்களுக்கு விடை இதுதான். ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னிகள் அடித்ததால் எடையின் பெயர் பணத்தின் பெயராயிற்று. பிறகு அந்தப் பணத்தின் மதிப்புக்குத் தங்கத்தில் சாவரின் நாணயம் அடித்தார்கள். அதன் எடை 8 கிராமுக்கு ஒரு நூல் குறைவு. தமிழ்நாட்டில் அந்தத் தங்கக் காசு ‘பவுன்’ ஆகி, இன்று 8 கிராம் தங்கத்தின் அளவாக நிற்கிறது. எடையாகப் புறப்பட்டுப் பணமாக மாறி, நம்மிடம் வந்து மறுபடி எடையாகிவிட்ட சொல் அது. பவுண்டு எடைக்கு நாம் வைத்திருந்த பெயர் வேறு: ராத்தல். இலங்கையில் ஒரு இறாத்தல் பாண் என்று இப்போதும் கேட்டு வாங்கலாம்.

ஒரு பவுண்டு இறகு கனமா, ஒரு பவுண்டு தங்கம் கனமா என்று குழந்தைகளிடம் கேட்கும் விடுகதைக்கு இரண்டும் ஒன்றே என்பது வழக்கமான பதில். பழைய ஆங்கிலக் கணக்கில் அது தப்பு. இறகை நிறுக்க ‘ஆவர்டுபாய்ஸ்’ முறை, பவுண்டுக்கு 16 அவுன்ஸ், சுமார் 454 கிராம். தங்கத்துக்கு ‘ட்ராய்’ முறை, பவுண்டுக்கு 12 அவுன்ஸ், சுமார் 373 கிராம். ஆகவே இறகுதான் கனம். ஆனால் ஓர் அவுன்ஸை எடுத்துக்கொண்டால் தங்கம் கனம்: ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம், மற்றது 28.35. உலகச் சந்தையில் தங்க விலையை அவுன்ஸில் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. ஆவர்டுபாய்ஸ் என்ற நீண்ட பெயருக்கு நார்மன் பிரெஞ்சில் ‘நிறுத்து விற்கும் சரக்கு’ என்று பொருள். இன்று ஆங்கிலத்தில் அதை ஒருவரின் தொந்தியை நாசூக்காகக் கேலி செய்யவும் சொல்வதுண்டு.

பழைய அளவுகள் மறைந்தாலும் அவற்றின் தடம் எண்களில் தங்கிவிடும். குத்துச்சண்டையில் ஃப்ளைவெயிட் பிரிவுக்கு உச்ச எடை 112 பவுண்டு, ஃபெதர்வெயிட்டுக்கு 126. ஏன் இந்த ஒழுங்கற்ற எண்கள்? பிரிட்டனில் உடல் எடையை ‘ஸ்டோன்’ கணக்கில் சொல்வார்கள், ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. எட்டு ஸ்டோன், ஒன்பது ஸ்டோன் என்று பெருக்கிப் பாருங்கள். மருந்துக் கடையில் 325 மில்லிகிராம் என்று ஒரு மாத்திரை அளவு உண்டல்லவா? அது ஐந்து ‘கிரெய்ன்’. ஒரு தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு அது. இரண்டு 325 சேர்ந்தால் நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் 650. தானிய மணியின் கணக்கைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

தராசை வைத்துவிட்டுச் சபைக்கு வருகிறேன். ‘கிராவிட்டி’ என்றதும் நமக்கு நியூட்டன் நினைவு வருகிறது. அவருடைய ‘பிரின்சிபியா’ 1687-இல் வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் கிராவிட்டி என்ற சொல் மனிதர்களின் நிதானத்தையும் கண்ணியத்தையும் குறிக்கப் புழங்கியது. மூலச்சொல் லத்தீனின் ‘கிராவிஸ்’, அதாவது கனமானது. அதனோடு பிறந்தவை கிரேக்கத்தில் ‘பாருஸ்’, சமஸ்கிருதத்தில் ‘குரு’. பாரோமீட்டரிலும் பாரிடோன் குரலிலும் கிரேக்கச் சொல் இருக்கிறது. குருவை விளக்க வேண்டியதில்லை. இதே வேரின் இன்னொரு கிளை லத்தீனில் ‘புரூட்டஸ்’ என்று வளர்ந்து, மந்தம், மூடத்தனம் என்ற பொருளைப் பெற்று, ஆங்கிலத்தில் முரட்டு விலங்கைக் குறிக்கும் ‘புரூட்’ ஆயிற்று என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஒரே கனம் இங்கே ஆசானாகவும் அங்கே முரடனாகவும் ஆகியிருக்கிறது. புதைகுழியைக் குறிக்கும் ‘கிரேவ்’ மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது தோண்டுதலைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. ஒலியும் துக்கமும் ஒத்துப்போவதால் பலர் ஏமாறுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ‘லைட்’. ஒளியைக் குறிக்கும் லைட் வேறு, கனமில்லாததைக் குறிக்கும் இந்த லைட் வேறு. இதன் உறவுகள் லத்தீனின் ‘லெவிஸ்’, சமஸ்கிருதத்தின் ‘லகு’. நம் இலகு அங்கிருந்து வந்தது. இலகு என்று நாம் சொல்லும்போதும் லைட் என்று சொல்லும்போதும் ஒரே வேரின் இரு கிளைகளைத்தான் பிடிக்கிறோம், இரண்டுமே தமிழுக்கு வந்த விருந்தாளிகள். கர்நாடக இசையின் தாளக் கணக்கில் இந்த லகுவும் குருவும் இன்றும் அங்கங்களாக இருக்கின்றன. நுரையீரலை ஆங்கிலத்தில் ‘லங்’ என்று அழைப்பதும் அது இலகுவான உறுப்பு என்பதால்தான்.

சபைக் கனத்தில் இரண்டு சொற்களை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ‘வெயிட்டி’ என்பது பாராட்டு: கனமான வாதம், கனமான காரணம். ‘பாண்டரஸ்’ என்பது குறை: பேச்சில் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, நகரவில்லை. இன்று இங்கே நடப்பது எது என்ற தீர்ப்பை உங்களிடமே விடுகிறேன். ‘கிராவிடாஸ்’ என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பவன். ரோமானியர் பெருமையாக எண்ணிய ஒரு குணத்தின் பெயர் அது. இப்போது தலைமுடி நரைத்து, குரல் தாழ்ந்து, கோட்டு மாட்டிய எந்த அரசியல்வாதிக்கும் அதை மாலை போலப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பாராட்டு பெண்களுக்கு மட்டும் ஏனோ எளிதில் கிடைப்பதில்லை.

உடற்பருமனைக் குறிக்கும் சொற்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அங்கே சொல்லின் பொருளைவிடச் சொல்கிறவரின் தொனி முக்கியம். ‘ஸ்டவுட்’ என்பது முன்பு வீரத்தையும் செருக்கையும் குறித்தது, ‘போர்ட்லி’ என்பது கம்பீரமான நடையை. பருத்தவர்களுக்கு மரியாதையாகச் சொல்லத் தொடங்கிய சொற்கள் ஒவ்வொன்றும் காலப்போக்கில் பருமனை மட்டுமே சுட்டும் அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. மருத்துவர் ‘ஓவர்வெயிட்’ என்றால் அது ஒரு கணக்கு. உறவினர் சொன்னால் வேறு.

கடைசியாக ‘மாஸ்’. கிரேக்கத்தில் வாற்கோதுமை அடையைக் குறித்த சொல், லத்தீனில் பிசைந்த மாவு உருண்டையாகி, ஆங்கிலத்தில் உருத்திரண்ட பொருளாயிற்று. திரண்ட மக்கள் கூட்டமும் மாஸ்தான். நம் திரையரங்குகளில் விசிலடித்து வரவேற்கும் மாஸ் என்ட்ரி அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது, தேவாலயத்தின் திருப்பலியைக் குறிக்கும் மாஸ் வேறு சொல். ‘மாசிவ்’ என்பது திண்மையான, கனத்த என்று பொருள் தந்த நல்ல பெயரடை. இன்றைய ஆங்கிலச் செய்தித்தாள்கள் அதைப் பெரியது என்பதற்கு மேல் எதற்கும் பயன்படாதபடி செய்துவிட்டன. எழுதுகிறவர்கள் அதை ஓராண்டு ஒதுக்கிவைத்தால் நல்லது.

இயற்பியலில் மாஸும் வெயிட்டும் பிரிந்த பிரிவு முழுமையானது. பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது மாஸ். பூமி அதை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது வெயிட். எடை என்பது விசையின் இனத்தைச் சேர்ந்தது என்று 1901-இலேயே எடை அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு அறிவித்தது. நிலவில் வெயிட் ஆறில் ஒரு பங்காகும், மாஸ் மாறாது. கிலோகிராம் மாஸின் அலகு. பாரிஸ் அருகே செவ்ரெயில் 1889 முதல் ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் உலகுக்கே கிலோகிராமாக இருந்தது. அதன் படிகளோடு ஒப்பிட்டபோது நூறாண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தெரிந்தது. 2018 நவம்பரில் வெர்சாயில் கூடிய மாநாடு அதைக் கைவிட்டு, பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோகிராமை வரையறுத்தது. 2019 மே 20 முதல் அது நடப்பில் உள்ளது.

அறிவியல் இவ்வளவு கறாராகப் பிரித்தபின்னும் ‘வெயிட்லெஸ்’ என்ற சொல் நழுவுகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உண்டு. வீரர்கள் மிதக்கக் காரணம், அவர்களும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதுதான். இழுவிசை இருக்கிறது, அவர்களைத் தாங்கிப்பிடிக்கத் தரை இல்லை. நாற்காலி உங்களை எதிர்த்துத் தள்ளுவதால்தான் இப்போது நீங்கள் உங்கள் எடையை உணர்கிறீர்கள். தாங்குவது ஒன்று இருந்தால்தான் கனம் தெரியும். கிராமத்து ஆங்கிலேயன் உண்டாக்கிய ஹெஃப்டும் பர்டனும் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்து வைத்திருந்தன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மாஸுக்கு நிறை, வெயிட்டுக்கு எடை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மாஸுக்குத் திணிவு, வெயிட்டுக்கு நிறை. ஒரே ‘நிறை’ பாக் நீரிணையின் அக்கரையில் விசை, இக்கரையில் பருப்பொருள் அளவு. இணையத்தில் இரு நாட்டுப் பாடங்களையும் மாணவர்கள் கலந்து படிக்கும் காலம் இது. இரு தரப்பும் உடனே ஒரே சொல்லுக்கு மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வழக்குகளும் ஆழ வேரூன்றியவை. குறைந்தது, எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ இந்தப் பாடம் வரும் பக்கத்தின் அடியில், அடுத்த கரையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி அச்சிடுங்கள். பாடநூல் எழுதும் குழுக்களில் இருப்பவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். அடுத்த பதிப்பிலேயே அதைச் செய்யலாம்.